பதினேழு அங்குலத் திரை

டிப்போவில் அவளை எல்லோரும் டைமக்கா என்று கூப்பிடுவார்கள். மேனேஜர் மட்டும் மேடம் என்பார். வீட்டில் கணவர் மகாராணி என்பார், அதுவும் சண்டை நடக்கிற நாட்களில் மட்டும்.

தனியார் பேருந்துக் கம்பெனி அது. எந்த வண்டியை எந்த டிரைவர் எந்த நேரத்தில் எடுப்பது என்று மாதம் முழுவதற்கும் டூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. குறுக்கே தேதிகள். நெடுக்கே டிரைவர்களின் பெயர்கள். நடுவில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்டியின் எண் இருக்கும், ஓய்வு நாள் என்றால் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் அது பெரிய தாளில் அச்சாகி, தண்ணீர் கேனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்படும். டிரைவர்கள் கூடி நின்று போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். திட்ட வேண்டியவர்கள் அங்கேயே நின்று திட்டிவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. கேட்டிருந்தால், வரும் செவ்வாய்க்கிழமை காலையில் இத்தனை பேரும் எங்கே இருப்பார்கள் என்று தனக்கு இப்போதே தெரியும் என்று சொல்லியிருப்பாள். அவர்களுடைய மனைவிமாருக்கே தெரியாது.

அவளுடைய இடக்கண் சின்ன வயதிலிருந்தே கணக்கில் கிடையாது. அதில் எல்லாம் மங்கலாகத் தெரியும். கண்ணாடி போட்டும் சரியாகவில்லை. ஒரு கண்ணின் வேலையையும் சேர்த்து இன்னொரு கண் பார்த்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. பல வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது என்பாள்.

தப்பு வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். முதலில் தெரிவித்தவன் ஹாரன். அவன் ஒரு டிரைவர். வண்டியின் ஹாரனை அவன் அதிகம் அடிக்க மாட்டான். வாய்தான் ஓயாது, அதனால் அந்தப் பெயர்.

"டைமக்கா, ஏழாம் நம்பர் வண்டிக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறோம். ஒருத்தர் ஸ்டியரிங் பிடிச்சுக்கறோம், இன்னொருத்தர் பிரேக் மிதிக்கறோம். சரிதானே?"

"ஏழுக்கு நீ இல்லப்பா. நீ எட்டு."

"சுவத்துல ஏழுன்னு இருக்குக்கா. படம் அனுப்பட்டுமா?"

அனுப்பினான். ஏழுதான். எட்டாம் நம்பர் வண்டியில் பயணிகள் ஏறி உட்கார்ந்து, டிரைவர் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். ஹாரனின் பெயருக்கு நேரே விரலை வைத்து நகர்த்திக்கொண்டு போனாள். நடுவில் ஓரிடத்தில் கோடு மெல்லக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறியது. அந்தப் பள்ளத்தில் இருந்த எண், அடுத்த ஆளின் வரிசையில் இருப்பதுபோலத் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பள்ளம் இருந்தது.

திரை கெட்டுவிட்டது என்று முடிவு செய்தாள். சந்தேகப்படக் காரணமே இல்லை. அந்த லேப்டாப்பின் ஒரு பக்கக் கீல் உடைந்து டேப் ஒட்டியிருந்தது. கூட்டுகிற ஆள் ஒருமுறை அதன்மேல் ஃபைல் கட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை போனில் கேட்டாள். அவர் வந்து பார்க்கக்கூட இல்லை.

"பழைய மாடலா? பேட்டரி உப்பியிருக்கும் மேடம். உப்பினா ஸ்கிரீனத் தள்ளும். தள்ளினா கோடு வளையத்தான் செய்யும்."

அடுத்த வாரமும் ஒரு தப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் அவளைவிட இளையவர். கோபப்பட வராது. கோபப்பட வேண்டிய இடத்தில் கொட்டாவி விடுவார்.

"மேடம், ஒளிக்காம சொல்லிடறேன். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாராவாரம் போன் பண்ணுது. பட்டனத் தட்டினா சார்ட் தானா வந்துடுமாம். நான் இதுவரைக்கும் தட்டிக் கழிச்சுட்டேன். இனிமே ஒரு தப்பு வந்தா முதலாளிக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

"மெஷின்தான் சார். ஸ்கிரீன் வளைஞ்சிருக்கு."

"மெஷின்தான்னா நல்லதா ஒண்ணு எடுத்துக்கோங்க. பெரிய ஸ்கிரீனா, ஆபீஸ் வேலைக்குத் தாங்கறதா. நீங்களே பாத்துச் சொல்லுங்க. அடுத்த மாச சார்ட் அதுல போடுங்க." கொட்டாவி விட்டார். "அதுலயும் தப்பு வந்தா, அப்புறம் மெஷின் மேல பழி போட முடியாதுல்ல?"

அவள் அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மேஜையை விட்டால் கம்பெனியில் அவளுக்கு வேறு மேஜை கிடையாது.

லேப்டாப் கடைக்குத் துணையாக ஹாரன் வந்தான். அன்று அவனுக்கு ஓய்வு நாள். அந்தப் புள்ளியை வைத்தவளே அவள்தான் என்பதால் மறுக்க முடியவில்லை என்றான். தன் பைக்கில் அவளைப் பின்னால் உட்கார வைத்துப் பேருந்தின் வேகத்தில் ஓட்டினான்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. எந்த லேப்டாப்பைக் காட்டினாலும் முதலில் திரையைத் துடைப்பார், பிறகு விலையைச் சொல்வார்.

"வீட்டுக்கா, ஆபீஸுக்கா மேடம்?"

"ஆபீஸுக்கு. பெரிய ஸ்கிரீன்."

"பெருசுன்னா பதினேழு அங்குலம். அதுக்கு மேல டிவிதான்."

மேஜையில் வரிசையாக வைத்திருந்தார். எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தார்கள், தட்டினார்கள், நகர்ந்தார்கள். அவள் நாற்காலி கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்தான மேடம், நின்னுக்கிட்டே பாத்துடலாமே?"

"ஆபீஸ்ல நான் உக்காந்துதான வேலை பாக்கறேன்?"

நாற்காலி வந்தது. முதல் லேப்டாப்பின் மூடியை ஒற்றைக் கையால் தூக்கினாள். மூடியோடு அடிப்பாகமும் எழுந்தது. வேண்டாம் என்றாள். இன்னொரு கையில் டீ இருக்கும்போது திறக்க முடியாது. இரண்டாவது நன்றாகத் திறந்தது, ஆனால் திரை பளபளவென்று இருந்தது. மேலே எரிகிற டியூப் லைட்டும் பின்னால் நிற்கிற ஹாரனும் அதில் தெரிந்தார்கள்.

"இதுல ஹாரன் தெரியறான்."

"நல்ல குவாலிட்டி மேடம், அப்படியே கண்ணாடி மாதிரி."

"ஹாரனத்தான் தினம் பாக்கறேனே."

"அக்கா, என்னை ரிஜெக்ட் பண்றதுக்கு இவ்ளோ தூரம் பெட்ரோல் போட்டுக் கூட்டிட்டு வந்தேனா?" என்றான் ஹாரன்.

மூன்றாவதில் திரை மங்கலான பூச்சோடு இருந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தவில்லை. எண்களுக்குத் தனிப் பகுதி வலப்பக்கம் இருந்தது. அவளுக்கு அது அவசியம். நாள் முழுவதும் எண்கள்தான் அடிக்கிறாள். அடித்துப் பார்த்தாள். சாவிகள் ஆழமாக இறங்கி ஏறின, சத்தமும் குறைவு. எண் பகுதி இருப்பதால் எழுத்துகள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன, உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். பழகிவிடும். பிறகு தூக்கிப் பார்த்தாள்.

"சார்ஜரையும் மேல வைங்க."

"எதுக்கு மேடம்?"

"சார்ஜர் இல்லாம இது ஊர் போய்ச் சேருமா?"

சார்ஜரையும் வைத்தார். கனம்தான். ஆனால் மேஜையை விட்டு அதிகம் நகராது. கையைக் கீழே வைத்துச் சூடு பார்த்தாள். காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்டாள். கடைக்காரர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இவள் வாங்குவாள் என்ற நம்பிக்கையோடு நின்றார்.

அவள் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள்.

"மேடம், வெளியிலேர்ந்து கொண்டு வர்றத டிஸ்ப்ளே பீஸ்ல போடக் கூடாது. ரூல்ஸ்."

"நான் இதுல சினிமா பாக்கப் போறதில்ல. இந்த ஒரு ஃபைலத்தான் பாக்கப் போறேன். இது நல்லாத் தெரிஞ்சா வாங்கிடுவேன்."

வாங்கிடுவேன் என்ற சொல்லுக்கு ரூல்ஸ் வழி விட்டது. அவரே வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறந்து கொடுத்தார்.

மாதம் முழுவதும் ஒரே திரையில் விரிந்தது. பழைய லேப்டாப்பில் பதினெட்டாம் தேதியோடு நின்றுவிடும், மீதிக்கு நகர்த்த வேண்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஹாரனின் பெயரைத் தேடினாள். வரிசையில் விரலை ஓட்டினாள். கோடு நடுவில் கீழே இறங்கியது.

"இதுவும் டிஃபெக்ட்" என்றாள்.

"எது மேடம்?"

"கோடு வளையுது பாருங்க."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். ஹாரனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வளையலயே மேடம்."

"வளையுதுங்க. நான் வருஷக்கணக்கா கட்டத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறவ. எங்க வீட்டுக்காரர் டைல்ஸ் போடறவரு. கோணல் எது நேர் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் வேறொன்றைக் கொண்டு வந்தார். வேறு கம்பெனி. அதிலும் வளைந்தது. அடுத்ததிலும். துணியைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். அவள் கண்ணெதிரே டேப்பை வெட்டினார்.

"ஃபேக்டரிலேர்ந்து வந்த பெட்டி. இப்பத்தான் வெட்டறேன். இத யாரும் தொட்டுக்கூடப் பாக்கல. இதுலயும் வளைஞ்சா நான் கடைய மூடிடறேன்."

அதிலும் வளைந்தது.

"நீங்க வாங்க வந்தீங்களா, இல்ல என் கடை சரக்கு மட்டம்னு சொல்ல யாராவது அனுப்பினாங்களா?" என்றார் கடைக்காரர். மரியாதை குறையவில்லை, ஆனால் குரல் ஏறியிருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கல்லாவுக்குப் போய் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வந்தார். அதைத் திரையின்மேல், அவள் காட்டிய கோட்டுக்கு அடியில் வைத்து அழுத்திப் பிடித்தார்.

"இப்பச் சொல்லுங்க. எல்லாரும் கேளுங்க. கோடு ஸ்கேலோட ஓரமாப் போகுதா, இல்லயா?"

அவள் உற்றுப் பார்த்தாள்.

"போகுது."

"அப்ப எங்க வளையுது?"

"ஸ்கேலும் வளைஞ்சிருக்கே."

ஹாரன் சத்தமாகச் சிரித்தான். கடைக்காரரும் சிரித்துவிட்டார். பக்கத்தில் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரும்பு என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நிமிர்ந்து கடையின் கதவுச் சட்டத்தைப் பார்த்தாள். அதுவும் நடுவில் வளைந்திருந்தது. பிறகு மெதுவாக உள்ளங்கையால் வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் திரையைப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் புரியவில்லை. எண் எது பெயர் எது என்று தெரியவில்லை. எல்லாம் சாம்பல். ஆனால் அந்தச் சாம்பலில் கோடுகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராகப் போயின.

இத்தனை வயதுக்கு அந்தக் கண் அவளுக்கு ஒன்றும் சொன்னதில்லை. அன்று சொன்னது.

கையை எடுத்தாள். கோடு இறங்கியது. மூடினாள். நேரானது.

கடைக்காரரின் சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்கேலைத் திரையிலிருந்து எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

"அம்மா," என்றார். மேடம் போய்விட்டது. "லேப்டாப் எங்கயும் போகாது. முதல்ல கண்ணக் காட்டுங்க. நாளைக்கு நாளான்னிக்குன்னு வெக்காதீங்க. இன்னிக்கே போங்க."

"மாசக் கடைசி. சார்ட் போடணும்."

"அக்கா, எழுந்திரு" என்றான் ஹாரன். அவன் அவளை ஒருமையில் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவள் எழுந்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிகிறவரை உட்காரச் சொன்னார்கள். ஹாரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஏதாவது பேசேன்டா."

"என்னத்தப் பேசறது?"

"எதையாவது. என்னைத் திட்டு. போன மாசம் உனக்கு ராத்திரி டூட்டி நிறையப் போட்டேன்ல."

"போட்டீங்க. ஆனா கண்ணு தெரியாமப் போட்டீங்கன்னு இப்பத்தான தெரியுது. தெரிஞ்சு போட்டீங்கன்னுல்ல திட்டிட்டிருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டு, "நிறையத் திட்டிட்டேன்க்கா" என்றான்.

கணவர் வேலையிடத்திலிருந்து நேரே வந்தார். கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. டாக்டர் அவரையும் உள்ளே கூப்பிட்டார். டாக்டர் வேகமாகப் பேசுகிற அம்மாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற விழித்திரையில், நடுவிடத்துக்கு அடியில், தண்ணீர் கசிந்து வீங்கியிருக்கிறது என்றார். சுவர் ஈரம் வாங்கினால் அதன்மேல் ஒட்டிய காகிதம் உப்பிக்கொள்கிற மாதிரி. காகிதம் உப்பினால் அதில் விழுகிற படமும் வளையும்.

"எவ்ளோ நாளா இப்படித் தெரியுது?"

"ஒரு மாசமா இருக்கும் டாக்டர். லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"இன்னொரு கண்ணு நல்லாருந்தா அது சமாளிச்சுடும், நிறையப் பேருக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. தெரிஞ்சாலும் வயசாச்சுன்னு விட்டுடுவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கட்டம் போடற வேலை."

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் கட்டங்கள் மட்டும் இருந்தன, நடுவில் ஒரு புள்ளி. "இந்த வியாதிய நாங்க இத வெச்சுத்தான் பாப்போம்" என்றார்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். நடுவில் பள்ளம். "ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஓய்வு குடுத்திருக்கீங்க" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. வாசலில் நின்றிருந்த ஹாரனுக்குப் புரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாகச் சில மாதங்களுக்கு. முழுக்கப் பழைய மாதிரி ஆகிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் டாக்டர். "ஆனா நேரத்தோட வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நாள் லேப்டாப் மாத்திட்டே இருந்திருந்தா, கண்ணு மங்கினதுக்கப்புறம்தான் வந்திருப்பீங்க. அப்ப நான் பண்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தார்கள். கணவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெரிய டைல்ஸ் போட்டிருந்தது. திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"அப்ப நம்ம குளியலறைல நான் போட்டது?"

இரண்டு வாரத்துக்கு முன் அவர் வீட்டுக் குளியலறைக்குப் புது டைல்ஸ் போட்டார். அவள் பார்த்துவிட்டு மூன்றாவது வரிசை கோணல் என்றாள். அவர் ரசமட்டம் வைத்துக் காட்டினார், நூல் பிடித்துக் காட்டினார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் நேராகப் போடுகிறவருக்குச் சொந்த வீட்டில் கோணலாகத்தான் வரும் என்றாள். அவர் மகாராணி என்றார். பேச்சு நின்றது. பிறகு ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது, அந்த வரிசையை உடைத்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தார்.

"என் கோடு நேராத்தான இருந்திருக்கு!" என்றார் கணவர். நடைபாதை முழுக்கக் கேட்டது. சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். சிமெண்ட் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவதாப் போட்டதுதான் கோணல். கோவத்துல போட்டேன். நீ ஒண்ணும் சொல்லலன்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"அதுவும் கோணலாத்தான் தெரிஞ்சுது. பாவம்னு விட்டுட்டேன்."

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிமெண்ட் தூள் விழுந்து, மேலும் கலங்கி, ஆஸ்பத்திரியில் அவருக்கும் ஒரு சொட்டு மருந்து விட வேண்டி வந்தது.

ஊசி அவள் நினைத்ததுபோல் இல்லை. மரத்துப்போகச் செய்துவிட்டார்கள். ஓர் அழுத்தம் மட்டும் தெரிந்தது, பிறகு பார்வையில் கறுப்புக் குமிழ்கள் மிதந்தன. கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பச்சைத் துணி இவள் முகத்தை மூடியிருந்தது. அந்தக் கைக்கு நன்றி சொன்னாள். கை ஒருமுறை அழுத்திவிட்டு விலகியது.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். மேனேஜருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பெரிய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, சமாளிக்கலாம். சமாளிக்க முடியாமலும் போகலாம். அப்போது எட்டாம் நம்பர் வண்டியில் மறுபடி ஆட்கள் ஏறி உட்கார்ந்து, காலி இருக்கையைப் பார்ப்பார்கள்.

"மெஷின்ல தப்பில்ல சார்" என்றாள். "என் கண்ணுலதான்."

எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டாவி வரவில்லை.

"இருக்கற ஒரே கண்ணா?" என்றார்.

"ஆமா சார்."

"இதோடயா இங்க வந்தீங்க?"

"மாசக் கடைசி சார்."

அவர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். பழைய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "சொல்லுங்க. நான் அடிக்கறேன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். இரண்டு விரலால் அடிப்பவர். மத்தியானம்வரை பத்துப் பேர்கூட முடியவில்லை. நடுநடுவே ஏன் என்று கேட்டார். இவருக்கு ஏன் எப்போதும் காலை வண்டி? இவருடைய மனைவிக்கு ராத்திரி ஷிஃப்ட் சார், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். இவர்கள் இரண்டு பேரையும் ஏன் ஒரே வழியில் போடுவதில்லை? அவர்கள் சம்பந்தி ஆகப்போகிறவர்கள் சார், இப்போது பேச்சுவார்த்தை சரியில்லை. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு வரிசையில் அவர் நிறுத்தினார்.

"இவர் வேலைய விட்டுப் போய் ஒரு வாரம் ஆச்சே மேடம்."

அவள் திடுக்கிட்டாள். உண்மைதான். பழக்கத்தில் சொல்லிவிட்டாள். கண் நன்றாக இருந்தாலும் அந்தத் தப்பு சுவரில் ஏறியிருக்கும். இத்தனை வருடத்தில் அவள் போட்ட சார்ட்டை ஒட்டுவதற்கு முன் இன்னொருவர் படித்ததே இல்லை. யாரும் படிக்க வேண்டும் என்று அவளும் கேட்டதில்லை. கேட்டால் தன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

"நல்லவேளை சார்" என்றாள். மனதார.

அந்த மாதம் தப்பு வரவில்லை. ஹாரன் மட்டும் சுவரைப் பார்த்துவிட்டு, தன் பெயரில் ஓர் எழுத்தை மேனேஜர் விழுங்கிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்தடுத்த ஊசிகளில் வீக்கம் வடிந்தது. கோடு நேராகிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு சின்ன மேடு மட்டும் மிச்சம், சாலையில் சரியாக மூடாத குழிமேல் வண்டி ஏறி இறங்குகிற அளவுக்கு. அது போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவள் அதற்கும் நன்றி சொன்னாள். கணவர் குளியலறையில் மூன்றாவது வரிசையை மூன்றாம் முறையாகப் போட்டார்.

பிறகு ஒருநாள் அவரோடு லேப்டாப் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"கண்ணு எப்படிம்மா இருக்கு?"

சொன்னாள். அவர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"எனக்கு எதுக்கும்மா? உள்ளதச் சொல்லிடறேன். அன்னிக்கு உங்கமேல எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். கடைல நாலு பேர் பாக்கறாங்க, என் சரக்கக் கோணல்னு சொல்றீங்க. உங்கள மட்டந்தட்டத்தான் ஸ்கேல எடுத்தேன்."

"அந்த ஆத்திரத்துக்குத்தான் நன்றி. நீங்க சாதுவா இருந்திருந்தா, ஆமாம்மா டிஃபெக்ட்தான், வேற கடைல பாருங்கன்னு அனுப்பியிருப்பீங்க. நானும் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கியிருப்பேன்."

"நல்லா சண்டை போடறவங்ககிட்டதான் இவ உருப்படுவா" என்றார் கணவர். "என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

 கடைக்காரர் மஞ்சள் துணியை எடுத்தார், வைத்தார். ஒரு மவுஸ் இலவசமாகத் தருகிறேன் என்றார். வாங்குகிற எல்லோருக்கும் அது இலவசம்தான் என்பது பலகையில் எழுதியிருந்தது. அவள் அதைப் படித்தாள். படிக்க முடிந்தது. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

மறுபடி முதலிலிருந்து பார்த்தார்கள். இந்தமுறை அவரே எழுத்தைப் பெரிதாக்கினார். வெள்ளைப் பின்னணியில் கண் கூசும் என்று இளம் மஞ்சளாக்கினார். கடையில் எல்லாத் திரையையும் முழு வெளிச்சத்தில்தான் வைப்போம், பார்க்க எடுப்பாக இருக்கும், ஆபீஸில் பாதி போதும் என்று சொல்லிக் குறைத்தார். பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்க்கச் சொன்னார். மலிவான திரை என்றால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிறம் போய்விடும் என்றார். அன்று அவளுக்குப் பிடித்திருந்த மூன்றாவது லேப்டாப்தான், எங்கே நின்று பார்த்தாலும் நிறம் மாறவில்லை.

"எழுத்தப் பெருசு பண்ணினா பாதி மாசம்தாம்மா ஒரு பார்வைக்குத் தெரியும்."

"பாதி போதும். மீதி பாதி எங்க ஓடிடப் போகுது?"

"வாரண்டி மூணு வருஷம். ரிப்பேர்னா ஆபீஸுக்கே ஆள் வருவாங்க. ஆபீஸ் மாடல்ல அதுதான் விசேஷம்."

"வளையுதுன்னு போன் பண்ணா?"

"நானே வர்றேன்" என்றார் கடைக்காரர்.

திங்கட்கிழமை காலையில் அது அவள் மேஜையில் இருந்தது. மேஜையில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. அவள் அடுத்த மாதத்தின் வெற்றுச் சார்ட்டைத் திறந்து வைத்தபோது மேனேஜர் உள்ளே வந்தார். சாஃப்ட்வேர் கம்பெனி இந்த வாரமும் போன் செய்ததாகச் சொன்னார்.

"என்ன சொன்னீங்க சார்?"

"வேணாம்னு சொல்லல. ஒருநாள் வாங்குவோம். வாங்கினாலும் அது போடறத நீங்க பாக்கணும், நீங்க போடறத நான் பாக்கணும். சார்ட்டுன்னு ஒண்ணு இருந்தா இனிமே ரெண்டு பேர் பாக்காம சுவத்துக்குப் போகாது. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

தன் அறையிலிருந்து நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"நல்லா பெருசாத்தான் எடுத்திருக்கீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க மேடம், எனக்கும் தெரியணும்ல?"

அவள் தள்ளி உட்கார்ந்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பித்தார்கள்.